மந்தாரக்குப்பத்தில் விசாரிக்கப் போன கதை

என்னை அழவைக்கும் படங்களை நான் நம்புவதில்லை. பினாங்கில் சுங்க இலாகாவில் பிறத்தியார் பெட்டிகளைத் திறந்து பார்த்தே தலை நரைத்தவன் நான். மேலே பழைய சேலை மடித்து வைத்திருந்தால் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்கிற புத்தி, ஓய்வு பெற்ற பிறகும் என்னை விட்டுப் போகவில்லை. எங்கள் பட மன்றத்தில் ஒரு சின்னத் தமிழ்ப் படம் போட்டார்கள். முடிந்து விளக்கு எரிந்தபோது என் கன்னம் ஈரமாக இருந்தது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

படத்தின் கதை ஒரு கைப்பிடி. நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்க்கிற ஒரு பெண். வீட்டுக்காரர்கள் வெளியூர் போகும்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி அவளிடம் சாவி கொடுக்கிறார்கள். ஒரு மத்தியானம் அவள் தன் மகளை அந்த வீட்டுக்கு அழைத்து வருகிறாள். இருவரும் மின்விசிறிக்குக் கீழே சோறு சாப்பிடுகிறார்கள், கட்டிலில் படுத்துத் தூங்குகிறார்கள். எழுந்ததும் அவள் வீடு முழுவதையும் துடைத்துவிட்டுக் கதவைப் பூட்டுகிறாள். அவ்வளவுதான். அந்தப் பெண் நடிகையே இல்லை, அதே ஊரில் அதே வேலை செய்கிறவள் என்று கடைசியில் எழுத்து ஓடியது.

அந்தப் பெண்ணை எங்கள் ஆண்டு விழாவுக்கு அழைத்து மாலை போடலாம் என்று மன்றத்தில் முடிவானது. இயக்குநர் பிரபுவை அழைத்தேன். "அவங்க ரொம்பக் கூச்சப்படுவாங்க சார்" என்றார். அந்த அம்மாவின் எண்ணைக் கொடுங்கள் என்றால் "நானே பேசிட்டுச் சொல்றேன் சார்" என்றார். சொல்லவே இல்லை. என் மனைவியிடம், "இப்படி ஒரு பெண்ணே கிடையாது, யாரோ வசதியான வீட்டு அம்மாவுக்குக் கரியைப் பூசி நடிக்க வைத்திருக்கிறான்" என்றேன். "அழுததுக்குப் பழி வாங்கப் போறீங்களா? போயிட்டு வாங்க, எனக்கும் கொஞ்ச நாள் நிம்மதி" என்றாள் அவள். விசா, விமானக் கதையெல்லாம் வேண்டாம். நேரே பண்ருட்டிக்கு வந்துவிடுகிறேன்.

பண்ருட்டியில் பஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில் ஒரு பலாப்பழம் உருண்டு வந்து என் கால் கட்டைவிரலில் உட்கார்ந்தது. பழத்துக்குச் சொந்தக்கார அம்மா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "கால மடக்கிகினு ஒக்காருங்க சார், பழம் அடி பட்டா வெடிச்சிடும்" என்றார். எங்கள் ஊரில் வாடை அடிக்கிற டுரியான் பழத்தைப் பஸ்ஸில் ஏற்றவே விடமாட்டார்கள். இங்கே பழத்துக்குத்தான் முதல் மரியாதை.

மந்தாரக்குப்பத்தில் இறங்கினேன். டவுன்ஷிப்பை ஒட்டின மாதிரி இருக்கிற ஊர். அந்தப் பக்கம் அகலச் சாலை, மரம், எண் போட்ட பிளாக்குகள். இந்தப் பக்கம் கடையும் தூசியும் வாடகை வீடும் கான்ட்ராக்ட் ஆட்களும். எந்தப் பக்கம் பார்த்தாலும் தூரத்தில் மண்மேடு தெரிகிறது. மலை என்று நினைத்தேன். சுரங்கத்திலிருந்து எடுத்துக் கொட்டிய மண்ணாம். மலையைக்கூட நம்ப முடியாத ஊர் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிரபு லாட்ஜுக்கு வந்தார். ஒல்லியான, தாடி வைத்த இளைஞர், பேச்சுக்குப் பேச்சு சார். "அந்தம்மா பேரு தனம் சார். இதே ஊருதான். ஆனா அவங்க தெருவுல படத்தைப் பத்தி மட்டும் பேசிடாதீங்க, கொஞ்ச நாளைக்கு." ஏன் என்றேன். "அவங்க வீட்டு விஷயம் சார், நான் சொல்லக் கூடாது." வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்றேன். "ஒரு வாரம் பொறுங்க" என்றார். இந்த மாதிரி "ஒரு வாரம் பொறுங்க" எத்தனை கேட்டிருப்பேன்! பெட்டிக்குள் சரக்கு இருக்கிறவன்தான் அப்படிச் சொல்வான். அவரைச் சிரித்த முகமாக அனுப்பிவிட்டு, மறுநாள் நானே விசாரிப்பது என்று தீர்மானித்தேன்.

காலையில் பசியாறியதும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தனத்தின் தெருவைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை, லாட்ஜ் பையனுக்கே தெரிந்திருந்தது. தெரு முனையில் ஒரு டீக்கடை. ஒரு டீ சொல்லிவிட்டு, சும்மா பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி, "இங்கே ஏழுமலை, தனம் என்று ஒரு குடும்பம் இருக்கிறதாமே, எப்படிப்பட்டவர்கள்?" என்றேன். ஏழுமலை அவள் கணவர் பெயர் என்று லாட்ஜ் பையன் சொல்லியிருந்தான்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவரின் கை அப்படியே நின்றது. தலை முதல் கால் வரை என்னை ஒரு பார்வை பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து பெஞ்சைத் துடைத்து, "ஒக்காருங்கய்யா" என்றார்.

"அவங்களுக்கு இன்னாங்க, தங்கமான குடும்பம். ஏழுமலை அண்ணன் மைன்ஸ்ல வேல. ஒரு பீடி சிகரெட்டு கெடையாது."

"பர்மனென்டா?"

"இன்னிக்கோ நாளைக்கோ ஆயிடும்ங்க."

"அந்த அம்மா வேலைக்குப் போகிறாரா? வீட்டு வேலை மாதிரி?"

"சே சே! வூட்ட வுட்டே வெளிய வராதுங்க அந்தக்கா. பொண்ணும் அப்படித்தான், நிமிந்து பாக்காது."

நான் பெண்ணைப் பற்றிக் கேட்கவே இல்லை. பிரபுவின் பேச்சை மீறி, "இங்கே சினிமா ஷூட்டிங் ஏதோ நடந்ததாமே?" என்றேன். "சினிமாவா? இந்தத் தெருவுலயா? யாரோ கத உட்டுருக்காங்க" என்றார். படத்தில் இந்த டீக்கடையையே நான் பார்த்திருக்கிறேன், அந்த நீல நிறப் பலகை உட்பட! கடைசியில் டீக்குக் காசும் வாங்க மறுத்துவிட்டார். காசு வேண்டாம் என்கிற டீக்கடைக்காரரை நான் எந்தத் தேசத்திலும் பார்த்ததில்லை. பிரபு சொல்லிக் கொடுத்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

தனத்தின் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவரிடமும் அதே கேள்விகள். அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். "சொந்த வூடுங்க இது. ஊருல முந்திரித் தோப்பு கூட கீது. பொண்ணு சமைச்சா ஊரே மணக்கும். மீன் கொழம்பு வெச்சான்னா பாருங்க..." மறுபடியும் பெண்! நான் கிளம்பும்போது, "நல்ல சேதியா சொல்லுங்கய்யா" என்று கை கூப்பினார். எதற்கு நல்ல சேதி?

தோப்பும் சொந்த வீடும் வைத்திருக்கிற அம்மாளை ஏழையாகக் காட்டி, பினாங்கில் ஒரு கிழவனை அழவைத்திருக்கிறார்கள். எரிச்சலோடு ஒரு பஸ்ஸில் ஏறினேன். அது டவுன்ஷிப்புக்குள் சுற்றுகிற பஸ். ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி முக்கு. நெடுநேரம் போனபின் இறங்கினால், ஏறின இடத்துக்கே வந்திருக்கிறேன். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். "அவரு ரிட்டயர்டு ஆனா குவார்ட்டர்ஸ காலி பண்ணணுமே, எங்க போறாங்களாம்?" "எங்க போவாங்க, வாடகைக்குத்தான்." பகலில் ஒரு மெஸ்ஸில் பலாக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பு. அது மட்டும் அன்று பொய் சொல்லவில்லை. இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் பிரபுவிடம் சொல்லாமல் தனத்தின் வீட்டுக்கே போனேன். கதவு திறந்திருந்தது. சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை, ஒரு மூலையில் அடுப்பு, சுருட்டி வைத்த பாய்கள். வாசலில் நின்றவர் படத்தில் பார்த்த அதே முகம். புடவையின் கீழ்ப்பக்கம் ஈரமாக இருந்தது, எங்கோ பாத்திரம் தேய்த்துவிட்டு அப்போதுதான் வந்திருக்கிறார். வசதியான அம்மாள் என்ற என் கட்டடம் அந்த ஈரத்தைப் பார்த்ததுமே ஆட்டம் கண்டது. உள்ளே ஒரு பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"நேத்து எங்களப் பத்தி விசாரிச்சது நீங்கதானா?" என்றார் தனம். "எங்க பொண்ணுக்கு எந்த எடத்துலேர்ந்து வந்தீங்க? ஒங்கள யாரு வரச் சொன்னாங்க?"

"பினாங்கிலிருந்து வருகிறேன் அம்மா."

"பினாங்குல எங்களுக்கு யாருங்க?"

நான் படத்தைப் பற்றிச் சொன்னேன். மன்றம், ஆண்டு விழா, மாலை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. மகள் கௌசல்யாவுக்கு டவுன்ஷிப்பில் ஒரு இடம் பேசி, பூ வைக்க நாள் பார்க்கிற நேரம். இந்த ஊரில் சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டார் ஓர் ஆளை அனுப்பித் தெருவில் மெல்ல விசாரிப்பார்கள். டீக்கடையிலும் பக்கத்து வீட்டிலும்தான் முதலில் கேட்பார்கள். தெருவே அதற்குத் தயாராக இருந்திருக்கிறது. வெள்ளைச் சட்டையும் கைக்கடிகாரமுமாக நான் போய், பர்மனென்டா, சொந்த வீடா, வேலைக்குப் போகிறாரா என்று கேட்டால்? தங்கள் தெருப் பெண்ணுக்காக எல்லோரும் வாய் நிறையப் பொய் சொல்லியிருக்கிறார்கள். சினிமாவில் நடித்த கதை தெரிந்தால் சம்பந்தம் கெட்டுவிடும் என்று அதையும் விழுங்கியிருக்கிறார்கள். அந்த ஏழைகளின் பொய்யைத்தான் நான் பித்தலாட்டம் என்று பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. முந்தின நாள் சாயங்காலமே நிஜமான ஆள், மாப்பிள்ளையின் மாமா, அதே டீக்கடைக்கு வந்திருக்கிறார். டீக்கடைக்காரர் பெருமையாக, "காலையிலதான் ஒங்க ஆளு ஒருத்தரு விசாரிச்சிகினு போனாரு, ஃபாரின்காரரு மாதிரி இருந்தாரு" என்று சொல்லிவிட்டார். நாங்கள் யாரையும் அனுப்பவில்லையே என்று மாமா வீட்டில் போய்ச் சொல்ல, பெண் வீட்டார் ரகசியமாக வேறு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று அங்கே முடிவாகிவிட்டது. வெளிநாட்டு மாப்பிள்ளையாம்! காலையில் போன் வந்திருக்கிறது. இனிமேல் பூ வைக்க வரமாட்டோம் என்று.

"படம் பாத்தீங்க, அழுதீங்க. அதோட வூட்டுக்குப் போவறதுதானங்க?" என்றார் தனம். "எதுக்குங்க இவ்ளோ தூரம் வந்து என் பொண்ணு வாழ்க்கைல மண்ண அள்ளிப் போட்டீங்க?"

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அந்தப் பெண் கௌசல்யா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் ஆயுளில் நான் பறிமுதல் செய்த எந்தப் பெட்டிக்காரனும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"ஏந்திரிங்க. அவங்க வூட்டுக்கு வந்து நீங்களே சொல்லுங்க" என்று தனம் எழுந்தார். ஏழுமலை ஷிப்டில் இருந்தார். தனம் போனில் சொன்னதும் பிரபு, "நானும் வர்றேன்" என்றார். "நீ வராத தம்பி, சினிமாக்காரன் வந்து நின்னா இன்னும் கெட்டுடும்" என்று சொல்லிவிட்டார் தனம். சேலை மாற்றிக்கொண்டு வந்தார். நாங்கள் இருவரும் டவுன்ஷிப் பஸ் ஏறினோம்.

மாப்பிள்ளையின் அப்பா கலியபெருமாள் மைன்ஸில் பர்மனென்ட். அம்மா பெயர் சரோஜா. குவார்ட்டர்ஸ் வாசலில் எங்களைப் பார்த்ததும் சரோஜா "வாங்க" என்றார். அந்த "வாங்க"வில் சூடு இல்லை. உட்காரச் சொன்னார்கள். காபி வரவில்லை, தண்ணீர்கூட வரவில்லை. பினாங்கில் கடன்காரன் வந்தால்கூடத் தேத்தண்ணீர் கொடுப்போம். முறிக்கப் போகிற சம்பந்தத்தில் கை நனைக்கக் கூடாது என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

"யாருங்க இவரு?" என்றார் சரோஜா.

"பினாங்குலேர்ந்து வந்திருக்காருங்க. பொண்ண பாக்க வரல. என்னப் பாக்க வந்தவரு."

சரோஜாவின் முகம் இன்னும் கெட்டது. நான் அவசரமாகப் படம், விழா என்று ஆரம்பித்தேன். கலியபெருமாள் கையைக் காட்டி நிறுத்தினார். "சார், இவங்க சினிமால நடிச்சாங்க, அதப் பாத்துட்டு நீங்க கடல் தாண்டி வந்தீங்க. இத நாங்க நம்பணும். அப்படித்தான?"

சுங்க மேசைக்கு இந்தப் பக்கம் நான் நின்றதே இல்லை. உண்மையைச் சொல்கிறவன் எவ்வளவு அசடாகத் தெரிவான் என்று அன்றுதான் கண்டேன். என் கைப்பேசியில் படம் இருந்தது. அதைப் போட்டுக் காட்டினால் நான் சம்பந்தம் பேச வந்தவனில்லை என்று நிரூபணமாகிவிடும். ஆனால் தனம் பாத்திரம் தேய்க்கிறவர் என்பதும் சேர்ந்து வெளியே வந்துவிடும். வீட்டோடு இருக்கிறவர் என்றுதான் இவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் தனத்தைப் பார்த்தேன்.

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "போட்டுக் காட்டுங்கய்யா" என்றார்.

படத்தின் முதல் காட்சியே அதுதான். ஒரு குவார்ட்டர்ஸின் பின்பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தனம் பாத்திரம் தேய்க்கிறார். சரோஜா குனிந்து பார்த்தார். "நிறுத்துங்க" என்றார். நிறுத்தினேன். தனம் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதக் காட்டத்தான் வந்தீங்களா?" என்றார் சரோஜா. "இவங்க ஒரு டீச்சர் வூட்டுல வேல செய்யறாங்கன்னு எங்களுக்கு மொதல்லயே தெரியும். தெரியாமயா பொண்ணு பேசிகினு இருந்தோம்? அத மறைச்சதக்கூட நான் தப்பா எடுத்துக்கலீங்க. கூட ஒரு எடம் பாக்கறீங்கன்னு கேட்டதும்தான் வயிறு எரிஞ்சிது."

"சத்தியமா இல்லீங்க" என்றார் தனம். அழுகை வந்துவிட்டது. "கௌசல்யா காலைலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல."

கலியபெருமாள் கனைத்தார். மனைவியை ஒரு முறை பார்த்தார். "எல்லாம் பேசறப்ப நாங்களும் ஒண்ணு சொல்லிடணும். எங்க பையன் சதீஷு பர்மனென்ட் ஆயிட்டான்னு ஒங்ககிட்ட சொன்னோம்ல... அது..."

"தெரியுங்கண்ணே" என்றார் தனம், மூக்கைத் துடைத்தபடி. "எங்க வூட்டுக்காரரு ஏறுற கான்ட்ராக்ட் வண்டிலதான் தம்பியும் ஏறுது. நாங்களும் விசாரிச்சம்ல."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, சிரித்தால் அடி விழும் என்று அடக்கிக்கொண்டேன். முதலில் சிரித்தவர் கலியபெருமாள்தான், அதுவும் அரைச் சிரிப்பு. சரோஜா சிரிக்கவில்லை. உள்ளே போய்க் காபி கொண்டுவந்தார். தம்ளரைத் தனத்தின் கையில் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏன் சும்மா வெச்சிகினு இருக்கீங்க? படத்தப் போடுங்க."

மூன்று பேரும் அந்தச் சின்னத் திரையில் தலையை நுழைத்துக்கொண்டு பார்த்தார்கள். "பொண்ணா நடிக்கிறது கௌசல்யாவா?" "இல்லீங்க, மெட்ராஸ் பொண்ணு." கட்டில் காட்சி வந்தது. படத்தில் தனம் முதலில் கட்டில் விளிம்பில் உட்காருகிறார், கையால் மெத்தையை அமுக்கிப் பார்க்கிறார், பிறகு மெல்லச் சாய்கிறார். நான் பினாங்கில் அழுத இடம். இவர்கள் யாரும் அழவில்லை. சரோஜா திரையிலிருந்து கண்ணை எடுத்துத் தனத்தைப் பார்த்தார்.

"நெசமா இப்படிப் படுத்திருக்கீங்களா? வேல செய்யற வூட்டுல?"

எனக்கும் அந்தப் பதில் வேண்டியிருந்தது. அதற்காகத்தானே கடல் தாண்டி வந்தேன்.

"இல்லீங்க. ஒருக்கா ஒக்காந்து பாத்தேன். பயமா இருந்திச்சி, ஏந்திரிச்சிட்டேன். படத்துலதான் படுத்தேன்."

சரோஜா தன் வீட்டு உள்ளறையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒரு பழைய தேக்குக் கட்டில் கிடந்தது.

"சீர்ல கட்டில் மட்டும் வாங்காதீங்க" என்றார். "இவரு ரிட்டயர்டு ஆனதும் இந்த வூட்ட காலி பண்ணிகினு ஒங்க பக்கந்தான் வரணும். கட்டில் இது போதும், புள்ளைங்க இதுல படுத்துக்கட்டும்."

தனம் அதுவரை தொடாமல் கையில் வைத்திருந்த காபியைக் குடித்தார்.